வலித்தால் வாங்க என்றார்கள்

2023 மே மாதம் சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்து ரப்பர் வைத்த செருப்பு, என் கைக்கு வந்தது. அதைக் கொடுத்தவர் ஒரே ஒரு வரி சொன்னார்: "போட்டுப் பாருங்கம்மா, வலிச்சா வாங்க." நானும் தலையாட்டிவிட்டு, 2,600 ரூபாயைக் கட்டி, மதுரையிலிருந்து திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டேன். சர்க்கரையால் மரத்துப்போன என் காலில் வலி தெரியாது என்பதற்காகத்தான் அந்தச் செருப்பையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். வலி தெரியாத காலை வைத்துக்கொண்டு, வலித்தால் வா என்றால் நான் எப்போது போவது? அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தபோதுதான் தோன்றியது. அப்போது வந்த ஆத்திரமும் அழுகையும் இன்னும் முழுதாகப் போகவில்லை. என்னைப் போலப் புதுச் செருப்போடு வீட்டுக்குப் போகிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 56 வயது. வீட்டின் முன்னறையில் தையல் கடை. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடமாகிறது, மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது. 2023 பொங்கல் சமயத்தில் வலது காலில் பெருவிரலுக்கு நேர் கீழே, பாதம் தரையில் ஊன்றும் மேட்டில், ஒரு புண் வந்தது. ஆற நான்கு மாதம் ஆனது. ஆறியதும் டாக்டர் காலைச் சோதித்தார். மீன்பிடிக்கும் நைலான் நரம்பு மாதிரி ஒரு இழை, வளையும்போது 10 கிராம் அழுத்தம் கொடுக்குமாம். அதைப் பாதத்தில் அங்கங்கே குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். பத்து இடத்தில் குத்தியதில் எனக்கு இரண்டு இடம்தான் தெரிந்தது. பயோதீசியோமீட்டர் என்று, அதிர்வு எத்தனை வோல்ட்டில் காலுக்குத் தெரிகிறது என்று பார்க்கும் கருவியில் 25 வோல்ட்டுக்கு மேல் போனாலே ஆபத்து என்றார், எனக்கு வலது காலில் 42. "இனிமே வெறுங்காலோட நடக்கவே கூடாதும்மா" என்று சொல்லி, செருப்புக்கு எழுதிக் கொடுத்தார்.

செருப்பு வந்த மூன்றாம் நாள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. புதுச் செருப்பு, டாக்டர் சொன்ன செருப்பு, இதைப் போட்டால் காலுக்கு நல்லதுதானே என்று காலையில் மாட்டியதை இரவு பத்து மணிக்குத்தான் கழற்றினேன். அடுத்த வாரமும் அப்படியே. ஒன்பதாம் நாள் குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது துண்டில் ஈரமாக என்னமோ ஒட்டியது. சுண்டுவிரல் பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் வந்து, உடைந்தே போயிருந்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தால், வாரின் உள்பக்க மடிப்பில் தையல் முடிச்சு துருத்திக்கொண்டிருக்கிறது. முப்பது வருடமாகத் துணி தைக்கிறவள் நான். ஜாக்கெட்டில் உள் தையல் உறுத்தினால் வாடிக்கையாளர் அன்றைக்கே திருப்பிக்கொண்டு வருவார். என் செருப்பை ஒரு தடவைகூட உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது. அதுவரை வெல்க்ரோ ஒட்டு வாரைத் தளர்த்திப் போட்டு நடந்தேன். அது அடுத்த தப்பு. தளர்வாக இருந்தால் பாதம் முன்னும் பின்னும் வழுக்கி, அடிப்பாதத்தில் உராய்வு கூடும் என்று பின்னால்தான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் இரண்டு பாதத்தையும் மேலும் கீழும், விரல் இடுக்கிலும் பாருங்கள். எங்கேயாவது அழுந்திய தடம் இருந்து அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால், செருப்பு அந்த இடத்தில் இடிக்கிறது என்று அர்த்தம். அதைப் போடுவதை நிறுத்திவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தடம் இல்லை என்றால் மறுநாள் இரண்டு மணி நேரம், அதற்கடுத்த நாள் மூன்று என்று கூட்டலாம். சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நம் மாதிரி கருத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அந்த இடம் கூடுதலாகக் கருத்திருக்கிறதா, பளபளவென்று இருக்கிறதா, புறங்கையை வைத்தால் மற்ற காலைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசேஷத்துக்கு, வெளியூருக்கு, ஆஸ்பத்திரி வரிசைக்கு என்று முதல் இரண்டு வாரம் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகவே வேண்டாம்.

மனசு பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கறுப்பாக, அகலமாக, பின்வார் வைத்த செருப்பு. காதுகுத்து வீட்டிலேயே ஒரு அத்தை, "இது அந்த நோய்க்காரங்க போடுற செருப்பு மாதிரி இருக்கே" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். முகம் சுண்டிப் போனது. அதன்பிறகு கோயிலுக்கு, உறவுக்காரர் வீட்டுக்கு என்றால் பழைய செருப்பு, கடைக்கும் காய்கறிக்கும் இது என்று ஆகிவிட்டது. பின்னாளில் எனக்குச் செருப்பு செய்து தந்த தம்பி இந்தச் செருப்பின் கதையைச் சொன்னார். இந்த மெத்து ரப்பர் நம் நாட்டில் முதலில் தொழுநோயாளிகளுக்காகத்தான் பயன்பட்டதாம். வேலூரில் 1946 முதல் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய காலை அந்த நோய் தின்னவில்லை, உணர்ச்சி போனதால் அடிபட்டு அடிபட்டுத்தான் புண்ணாகிறது என்று எடுத்துக்காட்டியவர். அவருக்கு அப்புறம்தான் செருப்பு ஒரு மருந்து மாதிரி ஆனதாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் காலுக்கும் என் காலுக்கும் ஒரே குறைதான், உணர்ச்சி இல்லை. அந்த அத்தையிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். தெரியாமல் போயிற்று.

வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் பழக்கத்திலேயே கிடையாது. பூஜை அறையும் அடுப்படியும் இருக்கும் வீட்டில் எப்படி மனசு வரும்? ஆனால் நான் வெளியே நடப்பது நாளுக்கு அரை மணி நேரம், மற்றதெல்லாம் வீட்டுக்குள்தான். மெஷினில் உட்கார்ந்தாலும் மோட்டார் பெடலை மிதிக்கத் தடித்த அடி தோதுப்படாது என்று வலது செருப்பைக் கழற்றிவிடுவேன். கணக்குப் பார்த்தால், 2,600 ரூபாய் செருப்பு ஒரு நாளில் பெரும்பகுதி வாசலில்தான் கிடந்தது. காலைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கால் வெறுமையாக இருந்தது. ஜூலையில் ஒருநாள் செருப்பைக் கழுவத் திருப்பினால், அடியில் ஒரு குண்டூசி தலை வரைக்கும் ஏறிப் பதிந்திருந்தது. மேல்பக்கம் தடவிப் பார்த்தேன், நல்லவேளை, முனை வெளியே வரவில்லை. எத்தனை நாளாக அதோடு நடந்தேனோ தெரியாது. அன்று பயந்தேன், ஆனாலும் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவில்லை. வலிக்கவில்லையே, எதற்குப் போவது என்றே இருந்துவிட்டேன்.

ஆகஸ்டில் பழைய புண் ஆறிய இடத்தில் தோல் தடித்துக்கொண்டு வந்தது. காய்ப்பு என்று நினைத்தேன். தெரிந்தவர் ஒருவர் மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்திரியை ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். தோலை அரிக்கும் அமிலம் அதில் இருக்கிறது, உணர்ச்சி இல்லாத காலில் அதைத் தொடவே கூடாது என்று அப்புறம் டாக்டர் திட்டினார். செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி படுக்கை விரிப்பில் பழுப்பாகக் கறை. காலில் ஒரு மாதிரி நாற்றம். கண்ணாடியை எடுத்துக் காலடியில் பிடித்துப் பார்த்தேன். தடிப்புக்கு நடுவில் சின்ன ஓட்டை, அவ்வளவுதான். வலி துளிகூட இல்லை. அந்த ஓட்டைக்குள் டாக்டர் மெல்லிய கம்பியை விட்டபோது எலும்பில் டொக் என்று தட்டியது எனக்கே கேட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு வரை கிருமி போய்விட்டது என்றார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பெருவிரல் தப்பித்தது, அதன் அடி மூட்டில் கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்தார்கள். கிருமி அடங்கியதும் முழங்கால் வரை கழற்ற முடியாத கட்டு, அது ஏழு வாரம். மொத்தச் செலவு 94,000 ரூபாய். மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டினேன். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம்தான் எங்கள் தொழிலுக்கு உயிர், எல்லாம் போக 70,000 ரூபாய் கையில் நிற்கும். கொடுத்து வைத்திருந்த துணிகளை எல்லாம் மகள் வந்து ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை டிசம்பர் நடுவில்தான் திறந்தது. திரும்பி வராத வாடிக்கையாளர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் என் செருப்பை டாக்டர் கையில் வாங்கிப் பார்த்தார். மேல் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். குதிகால் பக்கம் அமுங்கி எழும்புகிறது. பெருவிரல் மேட்டுக்குக் கீழே பள்ளம் விழுந்து கல் மாதிரி கிடக்கிறது. "இது செத்துப்போச்சும்மா, நீங்க நாலு மாசமா தரையிலதான் நடந்திருக்கீங்க" என்றார். அதோடு தடித்த தோல் வேறு. செருப்புக்குள் ஒரு சிறு கல்லை வைத்து மிதிப்பதும் காய்ப்பை அப்படியே விடுவதும் ஒன்றுதான் என்றார். காய்ப்பைச் சீவி எடுத்தாலே அந்த இடத்தில் விழும் அழுத்தம் கால்வாசிக்கு மேல் குறையுமாம். புண் ஆறுகிறவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஒரே வருடத்தில் திரும்ப வருகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். ஆறிவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்றுதானே நாம் நினைக்கிறோம். ஒரு தடவை புண் வந்த காலை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டுமாம். புண் வந்ததே இல்லை, ஆனால் உணர்ச்சி குறைந்து, விரல் வளைந்தோ ரத்த ஓட்டம் குறைந்தோ இருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம். உணர்ச்சிக் குறைவு மட்டும் என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். இந்தக் கணக்கை மே மாதமே ஒருவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் என் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

கட்டு பிரித்த பிறகு வேறு இடத்தில் செருப்புக்குக் கொடுத்தேன், 4,800 ரூபாய். பழைய செருப்பை மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்றுதான் முதலில் கேட்டேன். எலும்பு எடுத்ததால் பாதத்தின் வடிவமே மாறிவிட்டது, பாரம் இப்போது இரண்டாம் விரலுக்குக் கீழே போகும், பழசைப் போட்டால் அங்கே அடுத்த புண் வரும் என்றார்கள். இது முக்கியம். ஆபரேஷனுக்குப் பின், வீக்கம் வடிந்த பின், உடம்பு நன்றாக இளைத்த பின் எல்லாம் மறுபடி அளவு எடுக்கத்தான் வேண்டும். முதல் தடவை என்னைக் காலையில் நாற்காலியில் உட்கார வைத்து அளந்திருந்தார்கள். இந்தத் தம்பி சாயங்காலம் வரச் சொன்னார், கால் வீங்கி இருக்கும் நேரத்தில் அளந்தால்தான் சரியாக வருமாம். நிற்க வைத்து இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தார். மை தடவிய விரிப்பில் நடக்க விட்டார். பாரம் அதிகம் விழும் இடம் அதில் கறுப்பாகப் பதிகிறது. நீள விரலுக்கு முன்னால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டார். வார் எல்லாவற்றிலும் உள்பக்கம் மெத்தென்ற துணி, ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. வாங்கிய அன்றே, "பத்தாம் நாள் செருப்போட வாங்கக்கா, வலிச்சாலும் வலிக்காட்டாலும் வாங்க" என்று தேதி போட்டுக் கொடுத்தார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பாவம், அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

பத்தாம் நாள் போனபோது ஒரு வாரை மாற்றித் தைத்தார், இரண்டாம் விரலுக்குக் கீழே கொஞ்சம் தோண்டி மெத்தென்று ஆக்கினார். போகாமல் இருந்திருந்தால் இரண்டுமே எனக்குத் தெரிந்திருக்காது. அவரிடம் அந்த ரப்பர் தாளில் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, ஊசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்தப் புதுத் துண்டை ஒரு கையாலும் செருப்பின் மேட்டுப் பகுதியை மறு கையாலும் அழுத்திப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கி எழும்பும் வரை பயமில்லை. வாங்கிய தேதியை அடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன். எனக்கு ஐந்தாறு மாதத்தில் மேல் ரப்பர் உட்கார்ந்துவிடுகிறது. எடையையும் நடையையும் பொறுத்து உங்களுக்கு முன்பின் ஆகலாம். மேல் ரப்பரை மட்டும் மாற்ற 650 ரூபாய்தான் ஆகிறது, முழுச் செருப்பும் வாங்கத் தேவையில்லை. கழுவினால் நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் ரப்பர் சுருங்கி இறுகிவிடும்.

வீட்டுக்குள் போட மெல்லிய அடியில் தனியாக ஒரு ஜோடி செய்துகொண்டேன், 1,400 ரூபாய். அது வாசல் தாண்டாது, அதனால் மனசும் உறுத்துவதில்லை. பெடலையும் அதோடேயே மிதிக்கிறேன், பழக இரண்டு வாரம் ஆனது. ராத்திரி பாத்ரூம் போகக்கூட அது கட்டிலடியில் இருக்கும். காலையில் மாட்டுவதற்கு முன் இரண்டு செருப்பையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரல்விட்டுத் தடவுவேன். சாயங்காலம் கடை கூட்டியதும், குச்சியில் கட்டிய காந்தத்தைத் தரையெல்லாம் இழுப்பேன். முதல் நாள் ஒன்பது குண்டூசி வந்தது. படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து அடிப்பாதம் பார்க்கிறேன். வெடிப்பு வராமல் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன், விரல் இடுக்கில் மட்டும் தடவுவதில்லை, அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பிய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாதத்தையும் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவேன். தினமும் பார்க்கும் எனக்குத் தெரியாத மாற்றம், வாரம் ஒருமுறை பார்க்கும் அவளுக்குத் தெரிகிறது. அவளிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: அடிபடாமலே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடானால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும், உள்ளே எலும்பே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்க்காட் பாதம் என்று அதற்குப் பெயர், அதிலும் வலி பெரிதாக இருக்காது.

பழநி எங்களுக்குப் பக்கம். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போவதாக வேண்டிக்கொண்டவள், போகவில்லை. விஞ்சில் ஏறி அதிகாலையில் கும்பிட்டுவிட்டு வந்தேன். மலையில் செருப்பு கிடையாது, அதனால் டாக்டரைக் கேட்டு, தடித்த புதுப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு, கல் சூடேறும் முன் இறங்கிவிட்டேன். மத்தியான வெயிலில் பிராகாரத்தைச் சுற்றிக் கொப்புளம் போட்டுக்கொண்டு வந்த இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் சுட்டது தெரியவே இல்லை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

செருப்பு வாங்கும் இடத்தில் இவ்வளவாவது கேளுங்கள்: மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும், வார் மாற்றவும் ரப்பர் மாற்றவும் தனியாகக் காசா, காலையும் செருப்பையும் சேர்த்துப் பார்ப்பது யார். மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. டாக்டர் காலைப் பார்ப்பார், கடைக்காரர் செருப்பைப் பார்ப்பார், இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் பார்க்க மாட்டார்கள். டாக்டரிடம் போகும்போதும் செருப்பு இரண்டு ஜோடியையும் பையில் போட்டுக்கொண்டு போய் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

நேற்று இரண்டு மாதக் கணக்குக்குப் போய் வந்தேன். வலது கால் சுத்தமாக இருக்கிறது. இடது குதிகால் ஓரத்தில் புதிதாகத் தோல் தடிக்க ஆரம்பித்திருக்கிறதாம், நான் கவனிக்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் சீவி எடுத்தார்கள். நடையைப் பார்த்துவிட்டு, வலது காலுக்குப் பயந்து இடதில் பாரத்தைப் போடுகிறேன் என்றார்கள். இடது செருப்பில் ரப்பர் மாற்றக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிடைக்கும், அதுவரை வெளியே எங்கும் போவதில்லை.